அக்கா வீட்டில் நான் குடியிருந்த லட்சணம்

எங்கள் வீட்டிலிருந்து தும்மினால் கேட்கிற தூரத்தில் ஒரு நகராட்சிப் பள்ளிக்கூடம் இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டிலும் ஒரே புத்தகம், ஒரே சத்துணவு, வாத்தியார்களுக்கு ஒரே சம்பளம். இருந்தும் தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவே தண்டவாளம் தாண்டிப் பிள்ளையைச் சேர்க்கத் துடித்தது. காரணம், அங்கே கூட்டம். கூட்டமான பரோட்டாக் கடைக்குத்தானே நாமும் போவோம்?

என் மகளுக்கு அப்போது மூக்கைச் சிந்தக்கூட ஒழுங்காகத் தெரியாது. எனக்கோ, அந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் அவள் எதிர்காலம் ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிடும் என்று நடுக்கம்.

மே மாத வெயிலில் எங்கள் தெருப் பள்ளி டீச்சர் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க வந்தார். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். கடைசியாக வேலைக்கு வந்தவர் அவர்தான். ஆகவே போகிறவரும் அவர்தான்.

"பாப்பாவ நம்ம ஸ்கூல்ல போடுங்கண்ணே."

"பாப்பா அய்யலூர்ல மாமனார் வீட்டுல தங்கிப் படிக்கப் போகுது டீச்சர்."

வாயில் வந்த ஊரைச் சொல்லிவிட்டேன். மகள் என் காலுக்கிடையில் நின்று டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வருஷம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் ஒரு ஏற்பாடு. அந்த வார்டுப் பிள்ளைகளுக்கு முதலில் இடம், மிச்சமிருந்தால்தான் மற்றவர்களுக்கு. நியாயமான ஏற்பாடு. அதனால்தான் அதில் எனக்கு இடமில்லை. அக்கா வீடு அந்த வார்டில் இருந்ததால் அதையே என் வீடு என்று எழுதிக் கொடுத்தேன். நேரில் வந்து விசாரிப்பார்களாம். விசாரணை அன்று காலையில் மச்சானின் லுங்கியைக் கட்டிக்கொண்டு அங்கே குடியேறினேன். சோற்றுக்கு இன்னொரு பொரியலும் கேட்டேன்.

"ஏலே, நடிக்க வந்தவனுக்கு ரெண்டு வெஞ்சனம் கேக்குதோ?" என்றாள் அக்கா.

விசாரணையில் பாரபட்சம் கூடாதென்று வேறு பள்ளி டீச்சரை அனுப்பியிருந்தார்கள். வாசலில் குடையை மடக்கியவர், எங்கள் தெரு டீச்சர்.

"அண்ணே, அய்யலூரு இம்புட்டுப் பக்கத்துலயா இருக்கு?"

நான் ஈயென்று இளித்தேன்.

"செத்த தண்ணி குடுங்க."

சொந்த வீட்டுக்காரனின் மிடுக்கோடு உள்ளே போய் ஒரு கதவைத் திறந்தேன். துணி பீரோ. அடுத்த கதவைத் திறந்தேன். "ஏய், எவன்டா அது!" என்று சோப்பு நுரைக்குள்ளிருந்து மச்சான் அலறினார். கடைசியில் அக்காதான் தண்ணீர் கொடுத்தாள்.

டீச்சர் குடித்துவிட்டு எதிர்வீட்டைக் காட்டினார். "அங்க பூக்கட்டுறாங்கல்ல, அவுக மகளும் மனுப் போட்டிருக்கு. இருக்கிறது ஒரே இடம். நீங்க இங்க குடியிருக்கீகன்னு எழுதுனா, அந்தப் புள்ள தண்டவாளம் தாண்டி நம்ம பக்கம் வரணும். உங்க புள்ள அங்கேருந்து இங்க வரணும். தெனமும் ரயில்வே கேட்டுல ரெண்டும் எதிரெதிரா நின்னு டாட்டா காட்டிக்கிற வேண்டியதுதான். இப்பச் சொல்லுங்க, எங்க குடியிருக்கீக?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ஈரத்தலையோடு வந்தார். "மாப்ள, போறப்ப என் லுங்கிய அவுத்து வச்சிட்டுப் போ. மாத்துத்துணி இல்ல."

"உங்க ஸ்கூலுக்குப் பக்கத்துலதான் டீச்சர்," என்றேன். லுங்கியை மாற்ற உள்ளே போனேன்.

ஜூனில் மகளைத் தெருப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்பது அன்றைய கணக்கு. மகளின் விரல் காதுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. ஊரே சேர்க்கிறதே என்ற அவசரத்தில், அவளுக்கு ஐந்து முடிந்ததா என்று நான் யோசிக்கவே இல்லை. எந்தப் பள்ளியிலும் இடமில்லாமல் என் மகள் தெருவில் நிற்பதுபோல் ஒரு காட்சி கண்முன் ஓடியது.

"அந்தோணியாரே, மொட்டை போடுறேன்!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

"அண்ணே, நீங்க செத்த அந்த வேப்பமரத்தப் பாருங்க," என்றார் டீச்சர்.

பார்த்தேன். ஒரு காகம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் டீச்சரின் குரல் மட்டும் கேட்டது.

"தங்கம், தலையச் சாச்சுக்க... இன்னுங் கொஞ்சம்... அம்புட்டுத்தான், தொட்டுருச்சு!"

திரும்பினேன். தூங்குகிற கோழிபோல் தலையைத் தோளில் சாய்த்து, காதைப் பிடித்துக்கொண்டு மகள் சிரித்தாள். டீச்சர் பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, மொத்தத்தை எண்ணிவிட்டு, என்னைவிடப் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.