மழுங்கிய நான்கு பற்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் நான் வாங்கிய பழைய காரில், முன் இருக்கையின் சாய்மானம் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டது. மனைவிக்கு முதுகில் டிஸ்க் விலகியிருந்த சமயம். வாரம் ஒருமுறை பெங்களூர் டாக்டரிடம் போக வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அவளுக்கு வலி. மல்லாந்தால் அதைவிட வலி. பாதி சாய்ந்தால்தான் தாங்கும். அந்தப் பாதியில்தான் இருக்கை நிற்காது.

கழற்றிப் பார்த்தேன். பக்கவாட்டில் பல் வெட்டிய அரைவட்டத் தகடு. லிவரை விட்டதும் ஒரு கொக்கி அந்தப் பல்லைக் கவ்வ வேண்டும். பதினெட்டுப் பற்களில் நடுவில் நான்கு மழுங்கியிருந்தன. காரை எனக்கு விற்றவரும் பாதி சாய்ந்தே காலம் தள்ளியிருக்கிறார். அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவதும் நின்றுபோயிருந்தது.

நான் கவலைப்படவில்லை. தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து வாங்கும் வேலை எனக்கு. தொழிற்பேட்டைப் பட்டறைகள் அனைத்துக்கும் என் விதி ஒன்றுதான்: மாதிரி எப்படியோ, சரக்கு அப்படி. ஒரு பட்டறைக்காரரின் சரக்கை, முடியளவு வித்தியாசத்துக்காக ஏழு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். தகட்டை அவரிடமே கொடுத்தேன்.

“சாம்பிள் மாதிரியே இருக்கணும்.”

“உங்ககிட்ட மாத்திக் குடுத்துட்டு நான் பொழைக்க முடியுமா சார்?”

புதுத் தகடு பளபளவென்று வந்தது. பழையதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரிழை வெளிச்சம்கூட ஊடே வரவில்லை. திருப்தியாக மாட்டினேன்.

அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் இருக்கை படாரென்று விழுந்தது.

“ஏங்க,” என்றாள் மனைவி, பல்லைக் கடித்தபடி. “பழசு மெதுவா விழுந்துச்சு. புதுசு ஜோரா விழுதுங்க.”

வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினேன்.

“நோடி சார், பாருங்க,” என்று பழைய தகட்டை வாங்கிக் காட்டினார் பட்டறைக்காரர். “நாலு மழுங்கலையும் அப்படியே அரத்துல ராவி எடுத்தோம். நல்ல பல்லு வெட்டுறது இதைவிட சுலபம்.”

“தேஞ்சதுன்னு தெரியலையா?”

“தெரியும் சார். நல்ல பல்லா வெட்டியிருந்தா திருப்பி அனுப்பமாட்டீங்களா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். மல்லாந்தபடியே மனைவி ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

“அண்ணா, அவரைக் கேக்காதீங்க! வலி எனக்கு. பதினெட்டும் நல்லதா வெச்சுக் குடுங்க.”

மறுநாள் மாலை அடுத்த தகடு வந்தது. பழையதன்மேல் வைத்துப் பார்த்தேன். நான்கு பற்கள் மாதிரியோடு பொருந்தவில்லை. விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு. ஆனால் அவள் பையை எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். மாட்டினேன். பெங்களூர் வரை இருக்கை விழாமல் நின்றது.