கொலை அக்காவும் கிளியைத் தூக்கில் போட்ட ராஜாவும்

கோட்டை வாசலில் அவளை எல்லாரும் கொலை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிக்கெட் கவுண்டர்காரர் வைத்த பெயர். வீட்டில் ஒரு கரப்பான் பூச்சியைக்கூட அடிக்க மாட்டாள். துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளி வாசல்வரை வழியனுப்பிவிட்டு வருவாள். ஆனால் ஒரு கூட்டத்தைப் பின்னால் சேர்த்துக்கொண்டு கோட்டைக்குள் நுழைந்துவிட்டால், அவள் வாய் திறந்த இடமெல்லாம் பிணம் விழும்.

வேலைக்குச் சேர்ந்தது டிக்கெட் கிழிக்கத்தான். அப்போதிருந்த வழிகாட்டிக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. வெளியூர்க் கூட்டம் வெயிலில் காத்திருந்தது. நீ போய் ஏதாவது சொல் என்று அவர் சைகை காட்ட, போனாள். அவர் கதைகளை வாசலில் நின்று அரைகுறையாகக் கேட்டிருந்தாள். மீதியைக் கற்பனை பார்த்துக்கொண்டது. திரும்பி வந்தபோது கூட்டத்தில் இரண்டு பேர் வெளிறிப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து அதுவே அவள் வேலை.

பல நூறு வருஷத்துக்கு முன் அந்தக் கோட்டையை ஆண்டவன் கொடுங்கோலன் என்பது ஊரறிந்த விஷயம். கைதிகளின் ரத்தத்தில் சுண்ணாம்பு குழைத்துச் சிவப்புச் சுவர் எழுப்பினான். கொப்பரையில் எண்ணெய் காய்ச்சி எதிரிகளைப் பொரித்தான். வணக்கம் சொல்லாத கிளியைத் தூக்கில் போட்டான். கிளி வந்ததும் அவள் கொஞ்சம் நிறுத்துவாள். சின்னக் கயிறு காற்றில் ஆடுவதுபோல விரலை ஆட்டிக் காட்டுவாள். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும். பொரிக்கப்பட்ட மனிதர்களுக்காக யாரும் அழுததில்லை.

அவள் கணவர் தையல்காரர். ஊசி குத்தி ஒரு துளி ரத்தம் வந்தாலே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான நாள் முதல் மனைவியின் கதையில் ஒரு வரி கேட்டதில்லை. "அந்த ஆளை வெளியிலயே விட்டுட்டு உள்ள வா" என்பார்.

புதிய தகவல் பலகைகள் வைப்பதற்காக ஓர் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான இளைஞர், அதட்டிப் பேசத் தெரியாதவர். முதல் நாள் அவள் கூட்டத்தில் கடைசி ஆளாக நடந்தார். எல்லாரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, சுவர் சிவப்பா இருக்கிறது செங்கல்தூள் கலந்ததால. ரத்தக் கதையை முதல்ல எழுதினது இவன் வம்சத்தைத் தோற்கடிச்சவங்களோட அவைப் புலவர். அதுவும் நூறு வருஷம் கழிச்சு."

"அப்ப கொப்பரை?"

"சாயம் காய்ச்சினது. அடியில நீலம் ஒட்டியிருக்கே, பாக்கலையா?"

பார்த்திருந்தாள். பொரிந்தவர்களின் உடம்பிலிருந்து இறங்கிய விஷம் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

"கிளி மட்டும்தான் பிடிபட மாட்டேங்குது. கல்வெட்டுல இல்ல, ஏட்டுல இல்ல. சமீபத்துல வந்த ஒரு பயணப் புத்தகத்துல மட்டும் இருக்கு. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையா சொல்றாங்கன்னு போட்டிருக்கு. நீங்க யார்கிட்ட கேட்டீங்க?"

அவள் செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கூட்டம் நின்றபடியே தூங்கி வழிந்த நாளில் பிறந்த கிளி அது.

"அந்த ரெண்டு தலைமுறையும் நான்தான் தம்பி."

அவர் கோபப்படவில்லை. மாதக்கணக்கில் தேடியது கிடைத்துவிட்ட நிம்மதியில் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் கூட்டத்திடம் கிளிக் கதை பொய் என்று சொன்னாள். பயணப் புத்தகத்தோடு வந்திருந்த ஒருவர் விடவில்லை. "உங்களுக்கு விஷயம் தெரியலம்மா. இதுல தெளிவா போட்டிருக்கு" என்று பக்கத்தைப் புரட்டி, கிளி எப்படித் தொங்கியது என்று அவளுக்கே விரலை ஆட்டிக் காட்டினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு மனுஷன் தலையில் இவ்வளவு பழியைத் தூக்கி வைத்துவிட்டோமே என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அடுத்த வாரமே கொடுங்கோலன் தங்கமான மனிதனாகிவிட்டான். சாயப்பட்டறை வைத்து ஏழைகளுக்கு வேலை கொடுத்தான். கிளிகள் பறந்து வந்து அவன் தோளில் உட்கார்ந்தன.

ஆய்வாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "அக்கா, இதுக்கும் ஆதாரம் இல்ல."

"கெட்டது சொல்லத்தான் ஆதாரம் வேணும். நல்லது சொல்ல எதுக்கு?"

அவர் அவளைக் கோட்டையின் பின்பக்கம் கூட்டிப் போனார். வௌவால் நாற்றத்துக்குப் பயந்து யாரும் போகாத தாழ்வான அறை. நிலைப்படிக்குப் பக்கத்தில் எழுத்து வெட்டிய கல். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பட்டத்துக்குப் போட்டியாக வந்த அண்ணனின் கண்களைப் பறித்து இந்த அறையில் வைத்தேன் என்று ராஜாவே சொல்லும் கல். அவன் உயிரோடிருக்கும்போதே வெட்டியது.

சொந்தக்காரன் ஒருவன் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல அவளுக்கு முகம் சிவந்தது. "இவனுக்காக நான் எவ்வளவு பரிஞ்சு பேசினேன்."

"கீழ இன்னும் ரெண்டு வரி இருக்குக்கா. இந்த அறையில ராத்திரி முழுக்க விளக்கு எரியணும், அதுக்கு எண்ணெய் கொடுக்கணும்னு உத்தரவு போட்டிருக்கான்."

"கண்ணைப் பறிச்சிட்டு விளக்கு எதுக்கு?"

"தெரியல."

"என்ன தம்பி, படிச்சவர்தானே நீங்க?"

"படிச்சதாலதான் தெரியலன்னு தைரியமா சொல்றேன்."

அவர் போன பிறகும் அவள் அந்த அறையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு மாடம், அதன் மேலே பழைய கரி. கொப்பரையில் ஆயிரம் பேரைப் பொரித்தபோது வராத நடுக்கம் இந்த ஒரே ஒரு அண்ணனால் வந்தது.

அடுத்த கூட்டத்தை நேராக அங்கே கூட்டி வந்தாள். விரலை ஆட்டவில்லை, குரலை ஏற்றவில்லை. கல்லில் இருந்ததை மட்டும் சொன்னாள். விளக்கு எதுக்கு என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றாள். கோட்டைக்குள் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. மனசாட்சி குத்தியிருக்கும் என்றார் ஒருவர். அதுவும் ஒரு கொடுமைதான் என்றார் அவர் மனைவி. காவலாளி விசில் ஊதி விரட்டியும் வாசல்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

வீட்டில் கணவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு எத்தனை கொலை?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்படின்னா சொல்லு, கேக்கறேன்."

கண்ணைப் பறித்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். அவர் மிஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டாரே தவிர, எழுந்து போகவில்லை. கடைசிவரை கேட்டார். காலரைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார்.

"அந்த அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போறவனுக்குக் கண்ணு தெரிய வேணாமா?"

கூட்டத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மறுநாள் ஆய்வாளரிடம் ஓடிப் போய்ச் சொன்னாள். இருக்கலாம், ஆனால் பலகையில் போட முடியாது என்று அவர் பணிவாக மறுத்துவிட்டார். புதிய பலகையில் விளக்கைப் பற்றிய வரிக்குக் கீழே 'காரணம் தெரியவில்லை' என்று மட்டும் இருக்கிறது. அவள் அதை அப்படியே படித்துக் காட்டுவாள். பிறகு, "என் வீட்டுக்காரர் ஒரு காரணம் சொல்றார், ஆனா அவர் தையல்காரர்" என்று ஆரம்பிப்பாள்.