மேஸ்திரி பாய் குடிக்காத தண்ணீர்

எட்டு வயதில், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் உலகத்தின் மேல் அன்பு செலுத்தப் புறப்பட்டேன். உலகம் தப்பித்துக்கொள்ளத்தான் பார்த்தது, நான் விடவில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். திமிரிப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் கூலி வேலை அற்றுப்போனதால், நைனா ஆம்பூருக்கு வந்து ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை வெளியே இழுத்துப் போட்டு முடி சுரண்டுகிற வேலை. வேதத்தில் சேர்ந்த சேரி ஜனங்கள் இருந்த வேதக்காரத் தெருவில் நாங்கள் குடியேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஞாயிறுதோறும் வேதக் கோயிலுக்குப் பின்னால் ஓய்வுநாள் பள்ளி நடக்கும். டீச்சரம்மா அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் சொந்தக்காரர் அல்லாத யாராவது ஒருவருக்கு அந்த வாரத்தில் ஓர் அன்பின் கிரியை செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வார். சொல்லி முடித்த கையோடு, நல்ல சாட்சி சொன்ன பிள்ளைக்குச் சீமையிலிருந்து வந்த வண்ணப்பட அட்டை ஒன்றையும் கொடுப்பார். அட்டையை எதிர்பார்க்காமல் அன்பு செய்த பிள்ளை அந்த வகுப்பில் யாரும் இல்லை. என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முந்தைய வாரம் நான், தோல் பதனிட ஆவாரம் பட்டை சுமக்கும் கழுதை ஒன்றின் மேல் இரக்கப்பட்டு அதை அவிழ்த்துவிட்டிருந்தேன். அது மாதனூர் வரை போய்விட்டது. கழுதைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து சொன்ன சாட்சிக்கு அட்டை கிடைக்கவில்லை, எனக்கு முதுகில் நாலு கிடைத்தது. இந்த வாரமும் விட்டால் அவமானம். நல்லவேளையாக அந்த ஞாயிறு டீச்சரம்மா, தாகத்தில் இருப்பவருக்கு ஒரு கலசம் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பதுகூட ஆண்டவருக்கே கொடுத்தது போல என்று சொல்லியிருந்தார். தண்ணீர்தானே, அவிழ்ந்து ஓடாது.

அப்போது வைகாசி வெயில். தெருக் கிணற்றில் அடி தெரிந்தது. அம்மா விடியலில் பாலாற்றுக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிச் சுமந்து வருவாள். அந்தக் குடத்திலிருந்து ஒரு செம்பு தளும்பத் தளும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்பு என்னுடையது, இடுப்பு வலி அம்மாவுடையது.

ஷாப்புக்குப் போகிற பாதையில் ஒரு வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வேணுமாங்க?"

"குடு குடு." கையை நீட்டியவர் நிறுத்தினார். "ஆமா, நீ எந்தத் தெரு?"

"வேதக்காரத் தெருங்க."

நீண்ட கை மடங்கிவிட்டது. "தாகமா இல்ல. போ, போ."

கிராமத்திலேயே இது எனக்குப் பழக்கம். அதனால் அழவில்லை. அட்டை கைநழுவுகிறதே என்றுதான் கோபம்.

எதிர்ப்புறம், நைனா வேலை செய்யும் ஷாப்பு வாசலில், வேப்பமர நிழலில் மேஸ்திரி பாய் இருந்தார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். நைனாவே அவர் எதிரில் நிமிர்ந்து பேசமாட்டார். அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆம்பூர் முழுக்கத் தேடினாலும் இதைவிடத் தாகமான ஆள் கிடைக்காது.

"பாய், தண்ணி குடிங்க."

"வேணாம் பாப்பா."

"ஜில்லுனு இருக்கு பாய். ஆத்து ஊத்துத் தண்ணி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஜாஸ்தி பேசாத. போ."

"உதடு வெடிச்சிருக்கே பாய்!"

கண்ணைத் திறந்தார். "யார் பொண்ணு நீ?"

வந்துவிட்டதா அந்தக் கேள்வி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேதக்காரத் தெரு. அதானே கேக்கறீங்க? அதோ, அந்த வண்டிக்காரரும் அதத்தான் கேட்டாரு. கேட்டதும் அவருக்குத் தாகம் பூட்ச்சு. நீங்களும் தாகமில்லன்னு சொல்லிடுங்க, நான் போறேன்."

மேஸ்திரி பாய் என்னைப் பார்த்தார். வண்டிக்காரரைப் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு என் எதிரே வந்து குந்தினார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"ஊத்தும்மா."

ஊற்றினேன். கையைக் கழுவினார். சுத்தமான மனிதர், கழுவிவிட்டுக் குடிப்பார் போல என்று நினைத்தேன். அடுத்த கைத் தண்ணீர் வாய்க்குப் போனது. நான் ஸ்தோத்திரம் சொல்லத் தயாரானேன். அவர் கொப்பளித்துத் துப்பிவிட்டார். மறுபடி ஊற்றினேன், மறுபடி துப்பினார். மூன்றாம் தடவையும் அதே கதை. பிறகு மூக்கு, முகம், முழங்கை என்று கழுவிக்கொண்டே போனார். ஈரக் கையால் தலையைத் தடவினார். கடைசியாக என் அன்பின் கிரியை அவர் காலில் வழிந்து மண்ணுக்குள் போனது.

"இன்னா பாய் இது! குடிக்கக் கொண்டாந்தா காலு கழுவறீங்களே!"

மேஸ்திரி பாய் சிரித்தார். அதை நான் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

"கோச்சிக்காத. எங்களுக்கு நோன்பு மாசம். பொழுது சாயற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. தொழறதுக்கு முன்னால இப்படிக் கழுவிக்கணும். உன் தண்ணி அதுக்கு ஆச்சு."

"ஏன் பாய், உங்க வூட்ல அரிசி இல்லியா?"

"இருக்கும்மா, இருக்கு," என்று சொல்லிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

ஞாயிறன்று எழுந்து நின்று, வெயிலையும் வெடித்த உதட்டையும் உருக்கமாகச் சொன்னேன். டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "குடிச்சாராம்மா?" என்று கேட்டார். வகுப்பே என்னைப் பார்த்தது. பொய் சொன்னால் நரகம், உண்மை சொன்னால் அட்டை போய்விடும்.

"மூணு வாய், டீச்சர்," என்றேன். துப்பினாரா என்று அவர் கேட்கவில்லை.

அட்டை கிடைத்தது. அந்த வாரம் ஆம்பூரில் அன்பு செய்தது நான் ஒருத்திதான் என்று வெகுநாள் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். அவர் தொழப் போன பள்ளிவாசலில், கை கால் கழுவுவதற்கென்றே ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அவ்வளவு தண்ணீர் நூறடியில் இருக்க, அப்பேர்ப்பட்ட மனிதர், வண்டிக்காரர் கண் முன்னால், நட்ட நடுத் தெருவில், என் செம்புக்குக் கீழே ஏன் கையேந்தினார், அந்தத் தண்ணீரை மூன்று தடவை ஏன் வாயில் வாங்கினார் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது எனக்கு இருந்தது ஒரே வருத்தம்தான். இவ்வளவு பெரிய ஆளுக்கு, பாவம், ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லையே.