என் மழையும் செல்வி அக்காவின் மழையும்

மலேசியாவில், மெர்போக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மேல்பாதியை நானும் கீழ்ப்பாதியைச் செல்வி அக்காவும் வெட்டுகிறோம். பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் மரம் வெட்டுவது என்போம். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. அதனால், மழை என்று சொன்னால் முதலாளி மறுபேச்சு பேசமாட்டார்.

விடியும் முன்பே வெட்டி முடிக்கவேண்டும். அன்று நான் தூங்கிவிட்டேன். விழித்த சற்று நேரத்தில் வெளியே மழை கொட்டத் தொடங்கியது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மத்தியானம் முதலாளி வந்து, ஏன் பால் இல்லை என்று கேட்டார்.

"மழைலா முதலாளி," என்றேன். அது பொய்யில்லையே!

அக்கா விடியும் முன்பே எல்லா மரத்தையும் வெட்டி முடித்திருந்தார். பிறகு பெய்த மழையில் மரங்களில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்த பாலெல்லாம் வீணாகிவிட்டது. அவரோ, "வெட்டுறப்பவே தூரத்துல மின்னுச்சு முதலாளி. பார்த்தும் வெட்டிட்டேன். என் தப்புதான்," என்றார்.

முதலாளி போனதும் ஆவல் தாங்காமல் கேட்டேன். "ஏன்க்கா, நீங்களும் மழைன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, அடுத்த தடவையும் மின்னலைக் கண்டுக்க மாட்டேனே தம்பி. ஆமா, உன் பக்கம் எத்தனை மணிக்கு மழை வந்துச்சு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கத்தியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அக்காவிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். காலை ஏழரை மணிக்குத்தான் மழை வந்தது. பாயில் படுத்தபடி பார்த்தேன்.