வாசலில் அடித்த குச்சி

பச்சையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். எனக்குக் கண் எரியும். இலங்கையின் தேயிலை மலையில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும்தான், சிரித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது தேயிலையின் பச்சையை அல்ல. நகரசபை அலுவலகத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்த வரைபடப் பச்சையை.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு அங்கே படம் பிரதி எடுக்கும் வேலை. பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, கோடுகளை மையால் இழுத்து, வண்ணம் பூச வேண்டும். மஞ்சள் என்றால் வீடு. நீலம் என்றால் கடை. பச்சை என்றால் யாரும் குடியிருக்காத இடம். ஹட்டனில் கொஞ்சம் படித்திருந்தேன், கை நடுங்காது. அந்தத் தகுதியில் கிடைத்த வேலை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கும் சின்ன மலை நகரம் அது.

நாங்கள் இருந்தது சந்தைக்குப் பின்னால், ஓடைக்கரையில் இருந்த நகரசபை லயத்தில். தெருக் கூட்டுகிறவர்களும் ரோட்டு வேலைக்காரர்களும் அங்கே குடியிருந்தார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றை அறைக் காம்பராக்கள், ஜன்னல் கிடையாது, அடுப்புப் புகை போக வாசல் ஒன்றுதான் வழி. எங்கள் காம்பராவில் அப்பா, அக்கா, அக்காவின் கணவர், நான். அம்மா முன்பே காலமாகிவிட்டார். அக்கா மாசமாக இருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு ஜன்னல் உள்ள வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. முதல் பிள்ளை அந்தப் புகையில் இருமி இருமியே போனது.

நகரத்துக்குப் புதுப் படம் போட்டவர் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த சிங்கள அதிகாரி. இளவயது. நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று நகரங்களின் கதையைச் சொல்வார். கோட்டைச் சுவருக்குள் அடைந்து கிடந்த பழைய ஊர்கள். ஒரு ராஜா ஏழைகளின் சந்துகளை இடித்து, நூல் பிடித்தாற்போல் அகலத் தெருக்கள் போட்டது. பிறகு இங்கிலாந்தின் ஆலை ஊர்கள்: கரி, சாக்கடை, கொலரா, முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகள். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஒருவர் நினைத்தாராம், ஊரையும் காட்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தால் என்ன என்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தோட்டம், ஊரைச் சுற்றி ஒரு பச்சை வளையம். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும்.

எனக்கும் மலர்ந்தது, பொய் சொல்லவில்லை. கூடவே எரிச்சலும் வந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடு மனிதன் வாழ லாயக்கற்றது என்று அங்கே புத்தகம் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நாட்டார் இங்கே மலைக்கு மலை அப்படித்தானே லயம் கட்டினார்கள்? அந்த யோசனை கப்பல் ஏறி வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வந்ததும் எங்கள் ஓடைக்கரையில் இறங்கியது.

படத்தில் எங்கள் லயம் பச்சை. மேலே கோவில் பக்கத்து மேட்டில் மஞ்சள்: தொழிலாளர்களுக்குப் புது வீடுகள், ஜன்னலோடு, முன்னால் துண்டுத் தோட்டத்தோடு. பச்சையை நான்தான் பூசினேன். சம்பளத்துக்குப் பூசினேன். மஞ்சளையும் நான்தான் பூசினேன், அதைப் பூசும்போது அக்காவுக்கு ஒரு ஜன்னல் பூசுவதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அளக்க வந்தார்கள். லயத்து வாசல்களுக்கு முன்னால் வரிசையாகக் குச்சிகள் அடித்துவிட்டுப் போனார்கள்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் புதுத் தேயிலைக்கு மலையை வெட்டித் துப்புரவாக்கியதும் கயிறு பிடித்துக் குச்சி அடிப்பார்கள். எந்த இடத்தில் குச்சியோ அந்த இடத்தில் கன்று. அப்பா அந்த வேலையிலேயே வளர்ந்தவர். துரையோடு வாய்ப்பேச்சு முற்றியதில் வேலை நீக்கிய பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு விரட்டிவிட்டார்கள். அதன்பிறகுதான் நகரசபை ரோட்டு வேலை. வாசலில் குச்சியைக் கண்டதும் அவர் கால் எட்டு வைத்து அளந்து பார்த்தார். எல்லாம் ஒரே இடைவெளி. கிட்டத்தட்ட காம்பராவுக்கு ஒன்று.

வீடு வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார். லயத்தில் பாதிப்பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கும் அது விளங்கிவிட்டது. குச்சி என்றால் ஒன்றை நடப்போகிறார்கள், பிடுங்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை எல்லாக் குச்சிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். அக்கா எங்கள் குச்சியின் பக்கத்தில் ஒரு மரத்தக்காளிக் கன்றை ஊன்றி, வாசல் எந்தத் திசை பார்க்கும் என்று என்னிடம் கேட்டாள்.

அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, இது வீட்டுக்கு அடிச்ச குச்சி இல்ல. இங்க பூங்கா வருது. படத்துல பாத்தேன். வீடு மேட்டுலதான்."

அவர் கோபப்படவில்லை. "நீ படத்தப் பாக்குற தம்பி, நா குச்சியப் பாக்குறேன். நா அடிச்ச எடத்துல கன்னு வெக்காம விட்டதே இல்ல."

மேட்டு வீட்டுக்காவது மனுப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அக்கா அழுத பிறகு அப்பா என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். மேட்டு வீடு பிரஜைகளுக்கு மட்டும் என்றார் குமாஸ்தா. அப்பா இந்த மலையில் பிறந்தவர். ஆனால் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தவர் என்று காட்டச் சொன்னது சட்டம், காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. பிரஜாவுரிமையை முன்பே கேட்டு, முன்பே இல்லை என்றாகிவிட்டது. அப்பாவுக்கு இல்லையென்றால் அக்காவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அக்காவின் கணவருக்கும் அதே கதை. லயத்தில் ஏறக்குறைய எல்லோருக்குமே அதே கதைதான்.

நான் அதிகாரியிடம் போனேன். அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. வீடு கட்டுவது அவர் வேலை, யாருக்கு என்பது வேறு யாருடைய வேலையோ. ரப்பரை எடுத்து, பச்சையை ஓடைக்கு அந்தப் பக்கம் நகர்த்திக் காட்டினார். லயம் நிற்கட்டும், ஜன்னல் வெட்டிக் கூரையை உயர்த்தலாம் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சபைக் கூட்டத்தில் அந்த மாற்றத்தைத் தூக்கிப் போட்டார்கள். பஸ்ஸில் ஊருக்குள் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது லயமாக இருக்கக்கூடாதாம். அவர் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பிறகு, மிகவும் மெதுவாக, உங்களுடைய சொந்த ஊர் எது, அங்கே போக முடியாதா என்று கேட்டார். நான் ஜன்னல் வழியே ஓடைக்கரையைக் காட்டினேன்.

அக்காவுக்குப் பெண் பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்தபோது லயத்தை இடித்தார்கள். முதலில் கூரைத் தகரங்களைக் கழற்றினார்கள். உள்ளே வெளிச்சம் விழுந்தது. அத்தனை காலம் புகையில் கறுத்திருந்த சுவரை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கூரையில்லாத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. மழை வந்து எழுப்பியது.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணவரின் தம்பி வீட்டுக்கு அக்கா போனாள். வெளியாட்கள் தங்கியிருக்கிறார்கள் என்று தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கு துரைக்குச் சொல்லிவிட, அங்கிருந்தும் கிளப்பினார்கள். பிறகு கினிகத்தேனையில் ஒரு கடையின் பின்தாழ்வாரம். நான் பார்க்கப் போனபோது குழந்தை இருமிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இருமல் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அடுத்த முறை நான் போனபோது மடியில் பிள்ளை இல்லை.

பிற்காலத்தில் நகர அமைப்பைப் பற்றி அகப்பட்ட புத்தகத்தையெல்லாம் படித்தேன். வானளாவும் கட்டடங்கள் என்கிறார்கள், சக்கரம்போல் விரியும் தெருக்கள் என்கிறார்கள். நான் படித்தவரையில் ஏழையின் குடிசையைப் பார்த்துக் கண்ணீர் விட்டுத் தொடங்கிய எண்ணங்கள் அந்தக் குடிசையை இடித்துத்தான் முடிந்திருக்கின்றன. குடிசையில் இருந்தவன் எங்கே போனான் என்பதற்கு எந்தப் படத்திலும் ஒரு நிறம் இல்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கோபத்தில்தான் சொல்கிறேன்.

அப்பா ஊரைவிட்டுப் போகவில்லை. நகரசபையின் சாமான் கொட்டிலில் படுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். பூங்கா வேலை தொடங்கியபோது ரோட்டு ஆட்களைத்தான் மண் வேலைக்கு அனுப்பினார்கள். லயம் இருந்த இடத்தைச் சமமாக்கியிருந்தார்கள், குச்சிகள் மட்டும் இன்னும் நின்றன. சிலவற்றில் மஞ்சள் ஒட்டியிருந்தது. நான் படத்தோடு அங்கே போனபோது அப்பா எங்கள் வாசல் குச்சியைப் பிடுங்கிவிட்டுக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அந்த மரத்தக்காளியைக் காணவில்லை. பக்கத்தில் சாக்கில் சுற்றிய சைப்பிரஸ் கன்றுகள் வரிசையாக இருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தக் குச்சிகள் நடைபாதை மரங்களுக்கு அடித்தவை.

அப்பா ஒரு கன்றை எடுத்துக் குழியில் வைத்தார். மண்ணைத் தள்ளி, தோட்டத்தில் செய்வதுபோலவே குதிகாலால் சுற்றி மிதித்தார். நிமிர்ந்து வரிசையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நா சொல்லல? குச்சி அடிச்ச எடத்துல கன்னு வெப்பாங்கன்னு."

குரலில் கேலி இல்லை, அழுகையும் இல்லை. நான் ஆமாம் என்றேன். அவர் அடுத்த வாசலின் குச்சியைப் பிடுங்கப் போனார்.