ஞாயிற்றுக்கிழமை ஒரு புல்கட்டி

மாலகி குவர்க் அதிர்ந்து பேசாத மனிதர் என்று எங்கள் ஊரில் எல்லோரும் பாராட்டுவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தானே எல்லோரும் அவர் தலையில் ஏறி உட்கார்ந்தார்கள்?

பால் லாரி ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா டிம்ப்னாவோடு ஆற்றங்கரையில், எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். ஊரில் யார் செத்தாலும் மண்வெட்டியோடு முதலில் நிற்பவர் அவர்தான். இங்கே குழி வெட்டுவது அக்கம்பக்கத்தார் வேலை. சொந்தக்காரர்கள் வெட்டக் கூடாது. திங்கட்கிழமை புதுக்குழி தோண்டினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். அதனால் திங்கள் அடக்கத்துக்கு ஞாயிறே ஒரு புல்கட்டியாவது, அதாவது புல்லோடு ஒரு மண்கட்டியாவது, புரட்டிவிடுவார்கள்.

போன வசந்தத்தில் டிம்ப்னா இறந்தார். திங்கள் அடக்கம். ஊர் இடுகாடு கோட்டை மதிலுக்குள் இருக்கிறது. கோட்டையோ இப்போது ஹோட்டல். ஞாயிறு அங்கே யாருடைய கல்யாணமோ, வாசலைப் பூட்டிவிட்டார்கள்.

குழி வெட்ட வாசல்வரை வந்த அக்கம்பக்கத்தாரில் ஒருவன் டெக்லன், "நாளைக்கு வெட்டிக்கலாம் மாலகி. டிம்ப்னா எங்கயும் ஓடிடப் போறதில்ல," என்று சிரித்தானாம்.

"இன்னைக்கு ஞாயிறு, டெக்லன்."

"என் பொண்டாட்டி உள்ள வேலை பாக்குறா. நான் சுவரேறிக் குதிச்சா அவ வீட்ல உக்காரணும்."

மற்றவர்களும் அவனோடு திரும்பிவிட்டார்கள். டெக்லனின் அப்பா, அம்மா இருவருக்கும் குழி வெட்டியவர் மாலகி. இதையெல்லாம் பிறகு என்னிடம் சொன்னதும் டெக்லன்தான், வெட்கமே இல்லாமல்.

பள்ளிப்படிப்பு முடித்த கையோடு நான் அந்த ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பின்மதியம் மாலகி ஆற்றுவழியாகப் படகில் வந்து இறங்கினார். கறுப்புக் கோட்டு, முழங்கால்வரை சேறு, கையில் மண்வெட்டி. விருந்தாளிகள் நடுவே நேராக இடுகாட்டுக்கு நடந்தார். மேலாளர் ஹார்ட்னெட் பின்னாலேயே ஓடினார். தட்டோடு நானும் போனேன்.

"பெரியவரே, இது தனியார் இடம்!"

"எங்கம்மா இங்கதான் படுத்திருக்காங்க. அவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"போட்டோ எடுக்குற நேரத்துல மண்வெட்டியும் கையுமா வந்து நிக்கிறீங்களே!"

 மாலகி வெட்டவில்லை; சொந்தத் தம்பி வெட்டக் கூடாதே. அம்மாவின் கல்லறைக் கல்லருகே நின்றார். 

"யாரும் வரல, ஓர்லா," என்றார் என்னைப் பார்த்து.

தட்டைப் பக்கத்துக் கல்லறைமேல் வைத்தேன். "குடுங்க. நான் பக்கத்து வீடுதானே?"

"அதத் தொட்டா உனக்கு இங்க வேலை இல்ல," என்றார் ஹார்ட்னெட்.

"அப்ப தட்ட நீங்களே எடுத்துட்டுப் போங்க."

"ஆழமா வேணாம். ஒரு கட்டி போதும்," என்றார் மாலகி. காலால் அழுத்தித் தோண்டும் அந்த மண்வெட்டியை மெல்லிய செருப்பில் பாதம் வலிக்க மிதித்து, ஒரு கட்டியைப் புரட்டினேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வாசல் திறந்திருந்தது. மண்வெட்டியோடு முதல் ஆளாக வந்தவன் டெக்லன். குழி வெட்டியவர்களுக்குச் சாவு வீட்டார் விஸ்கி ஊற்றுவது வழக்கம். மாலகி ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கும் ஊற்றினார். அடுத்து டெக்லன் கோப்பையை நீட்டினான்.

மாலகி பாட்டிலை மூடிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.