கால் எங்கே என்று கேட்டவன்

அந்தோணி போன செய்தி வந்தபோது நான் அவனுக்காகத்தான் காத்திருந்தேன். வியாழக்கிழமை, காலை ஏழு மணி. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை முனையில் காரை நிறுத்திவிட்டு, ரயில் நிலையத்துப் பக்கமிருந்து அவன் நீலத்தொப்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் என் மனைவி நாகம்மா. ஏழரைக்கு அவளுக்கு டயாலிசிஸ். போன் அடித்தது. அந்தோணியின் மனைவி ரோஸ்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“முனையிலதாம்மா. அவன் கிளம்பிட்டானா?”

“அவரு எழுந்திருக்கவே இல்லண்ணே. தொட்டுப் பார்த்தா உடம்பு சில்லுன்னு இருக்கு.”

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐம்பது வருஷப் பழக்கம் எங்களுக்கு. ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். எதிரே டயாலிசிஸ் கட்டடத்தின் கார் பார்க் மேடு தெரிந்தது. இவன் பக்கத்தில் இல்லாமல் காரை அதில் எப்படி ஏற்றப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவுப் புத்தகம் போடுகிறார்கள், அண்ணன்தான் எழுத வேண்டும் என்று ரோஸ் கேட்டது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கவிதா போனில் டைப் அடித்துக்கொண்டு வருகிறாள். அந்தோணி என்னைவிட நாலு வயது இளையவன். அதனால் அவன் இவன் என்றே சொல்வேன். பூசைக்கு வருகிறவர்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களில் பலருக்கு அவனை கிள்ளான் பக்கம் மேருவில் பிரேக் வேலை செய்தவனாகத்தான் தெரியும். அதற்கு முன் அவன் என் லோரியில் கெலிண்டான். சரக்கு ஏற்றி இறக்குவான். அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. லோரி மேடு ஏறும்போது அவன் உள்ளே உட்காரமாட்டான். கையில் மரக்கட்டையோடு பின் சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவான். வண்டி நின்றால் அடுத்த நொடி கட்டை சக்கரத்துக்கு அடியில் இருக்கும். அந்தக் காலத்து லோரிக்கு ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்தது. பாரம் ஏற்றிவிட்டால் அதை நம்ப முடியாது.

கிள்ளானில் ஒரு மேட்டில் வீடு கட்டினார்கள். செங்கல் ஏற்றிக்கொண்டு போகிறோம். மத்தியான மழை அப்போதுதான் விட்டிருந்தது, செம்மண் வழுக்குகிறது. பாதி மேட்டில் இன்ஜின் அணைந்தது. கிளட்ச், பிரேக், எண்ணெய் மிதி, மூன்றுக்கும் சேர்த்து எனக்கு இரண்டு கால்தான். மறுபடி ஸ்டார்ட் பண்ணுகிற அவசரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். லோரி பின்னால் போனது. கண்ணாடியில் பார்க்கிறேன், கீழே ஃபேக்டரிப் பெண்களை ஏற்றிய வேன் ஒன்று வந்துகொண்டிருக்கிறது.

“அண்ணே! கால்! கால்!”

அந்தக் குரல்தான் என் காலைப் பிரேக்கில் வைத்தது. மூளை வைக்கவில்லை. அவன் போட்ட முதல் கட்டையைச் சேறு தள்ளிவிட்டது. இரண்டாவது கட்டை பிடித்தது. வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு வேனை ரிவர்ஸிலேயே கீழே இறக்கிப் போனான். அந்தோணி என் ஜன்னலுக்கு வந்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம்.

“என்னண்ணே, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்க? பயந்துட்டியா?”

“போடா. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்ப கூலிக்கு வேற ஆளப் பாரு. பயப்படாத டிரைவர் பின்னால நான் நடக்கமாட்டேன்.”

சிரிக்காமல்தான் சொன்னான். பயந்தேன் என்று நான் ஒத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த கட்டையைக் கையில் எடுத்தான்.

பிறகு மேருவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து பிரேக் வேலை கற்றுக்கொண்டான். அங்கே அவனைக் கேலி செய்யாத ஆள் இல்லை. சமதரையில் நிற்கிற காருக்கும் கட்டை வைப்பான். “என்ன அங்கிள், கார் ஓடிப்போயிடுமா?” என்று கேட்பார்கள். “ஓடாது லா. ஓடினா உன்கிட்ட சொல்லிட்டா ஓடும்?” என்பான். அவன் கைபட்ட வண்டி எதுவும் பிரேக் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாகம்மாவுக்கு மட்டும் தெரியும்.

போன வருஷம் என் மகன் சேகர் எனக்குப் புது ஆட்டோ கியர் கார் வாங்கிக் கொடுத்தான். சாலாக் செலாத்தான் வீட்டிலிருந்து அம்மாவை வாரம் மூன்று நாள் நீங்கள்தானே கூட்டிப்போகிறீர்கள், கிளட்ச் மிதித்துக் கால் வலிக்க வேண்டாம் என்றான். கடையில் இருந்த பையன், “மேட்டுல நின்னா காரே பிடிச்சுக்கும் அங்கிள், பின்னால போகாது” என்றான். ஹில் ஹோல்டு என்று அதற்குப் பேர். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. அந்தக் காலத்தில் அந்தோணி நடந்து நடந்து செய்ததை இனி கார் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அந்தோணி நாகம்மாவைப் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தான். நாகம்மாவோடு போன நான் டயாலிசிஸ் கார் பார்க் மேட்டுக்குக் கீழே ஆளைப் பார்த்து, ஏறுடா என்றேன். “நீ போண்ணே, நான் பின்னாலயே வர்றேன்” என்றான். பழக்கம். மேட்டின் பாதியில், தடுப்புக் கம்பி திறக்கக் கார்டு தட்டுகிற இடம். அங்கே நின்றேன். லோரிக்காரன் கை என்ன செய்யும்? நின்றவுடன் கியரை நியூட்ரலில் போடும், ஹேண்ட் பிரேக்கை இழுக்கும். முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான். கை நியூட்ரலில் போட்டது. ஹேண்ட் பிரேக்கைத் தேடியது. அங்கே இழுக்க ஒன்றும் இல்லை. இந்தக் காரில் அது நகம் அளவு ஒரு பொத்தான். அதற்குள் நான் கார்டு தட்ட ஜன்னலுக்கு வெளியே சாய்ந்துவிட்டேன். சாய்ந்தபோது கால் தூக்கிக்கொண்டது.

கார் பிடிக்கவில்லை. பின்னால் போனது.

டமடமவென்று டிக்கியை அறைகிற சத்தம். “அண்ணே! கால்! கால்!”

அதே குரல். அதே கால். மிதித்தேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்தோணி டிக்கியில் முதுகைக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றிச் சாய்ந்திருந்தான். எழுபது வயதைத் தாண்டியவன். அவனுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிச் சக்கர நாற்காலி. அன்றைக்கு லிஃப்ட் கெட்டுப்போய், ஒரு சீனப் பெண் தன் அப்பாவை வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தப் பெண் கத்தக்கூட இல்லை. அப்பாவின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றது. அந்தக் கைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

இந்த இடத்தில் கவிதா அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“மாமா, இது எப்ப நடந்துச்சு?”

“நாலு மாசம் ஆச்சும்மா.”

“உங்க மகனுக்குத் தெரியுமா?”

“நீ அடிச்சா தெரியும். அடி.”

அடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணி என்னை மேருவுக்கு வரச்சொன்னான். விடுமுறை நாளில் ஃபேக்டரி ரோடு காலியாக இருக்கும். அங்கே ஒரு மேட்டில் காரை நிறுத்தி, சக்கரத்துக்கு நாலடி பின்னால் கட்டையை வைத்தான். கியர் ‘டி’ எழுத்தில் இருக்கட்டும், பிரேக்கிலிருந்து காலை எடு என்றான். எடுத்தேன். கார் நின்றது. அவன் விரலை மடக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணினான். மூன்று வருவதற்குள் கார் பிடியை விட்டு மெதுவாகச் சரிந்தது. அடுத்து நியூட்ரலில் போடச் சொன்னான். காலை எடுத்ததுமே கார் போய்க் கட்டையில் இடித்தது.

“பார்த்தியா? நீ காலை மாத்திவைக்கிற நேரத்துக்குத்தான் அது பிடிக்கும். நியூட்ரல்ல போட்டா அதுகூடப் பிடிக்காது. எப்ப விடப்போறேன்னு உன்கிட்ட சொல்லவும் சொல்லாது.”

“நான் இனிமே ஓட்டலடா.”

“அத உன் மகன்கிட்ட சொல்லு.”

சொல்லவில்லை. டயாலிசிஸ் முடிந்தால் நாகம்மாவுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். வாடகைக் காரில் அவள் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருவதை நான் பார்த்திருக்கிறேன். அது ஒரு காரணம். இன்னொன்று, சாவியைக் கொடுத்துவிட்டால் நான் யார் என்ற பயம். இரண்டையும் அவனிடம் சொன்னேன். அவன் திட்டவில்லை. “சரி, நீயே சொல்ற வரைக்கும் நான் வர்றேன்” என்றான். கியரில் ‘டி’ எழுத்துக்கு நேராக ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிட்டான், வீட்டில் நிறுத்தும்போது வை என்று அந்தக் கட்டையையும் கொடுத்தான்.

அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி, கிள்ளானிலிருந்து முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து வருவான். முனையில் ஏறி என் இடது பக்கம் உட்காருவான். மேட்டில் கார்டு தட்டுகிற இடம் வந்ததும் கேட்பான்.

“கால் எங்க?”

“பிரேக்ல.”

“கை எங்கனாலும் போகட்டும். கால் அங்கயே இருக்கணும்.”

பின் சீட்டிலிருந்து நாகம்மா, “ரெண்டு கிழவனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி” என்பாள். ஆனால் அவளும் முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் என் முதுகு வேர்க்கும். இறங்கும்போது அவன் கேட்பான், “மகன்கிட்ட சொல்லிட்டியா?” இல்லை என்பேன். “அப்ப சனிக்கிழமை பார்ப்போம்.” ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. அவனுக்கே நெஞ்சு சரியில்லை என்பதை ரோஸ் சொல்லித்தான் அறிந்தேன், அதுவும் அடக்கத்தன்று.

செய்தி வந்த வியாழக்கிழமை நான் அந்தோணி இல்லாமல்தான் மேடு ஏறினேன். கால் எங்கே என்று நானே கேட்டேன், பிரேக்கில் என்று நானே பதில் சொன்னேன். பதில் சொல்லியும் நம்பிக்கை வரவில்லை. காலைக் குனிந்து பார்த்தேன். கார்டு கையிலிருந்து விழுந்தது. பின்னால் ஹாரன். கண்ணாடியில் பார்க்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். காவலுக்கு நிற்கிற ஆள் வந்து கார்டை எடுத்துத் தட்டிவிட்டார். “ஓகேவா பாஸ்?” என்றார். நான் ஓகே இல்லை.

மறுநாளிலிருந்து முதுகு வலி என்று பொய் சொன்னேன். கவிதா லீவு போட்டு நாகம்மாவைக் கூட்டிப்போனாள். வாரக் கடைசியில் சேகர் கேட்டான், “முதுகு சரியாயிடுச்சாப்பா?” அந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கவிதா இதுவரை அடித்ததை அவனிடம் படித்துக் காட்டியபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. வெளியே போய்க் காரைச் சுற்றி வந்தான். பின் சக்கரத்தில் அந்தோணி கொடுத்த கட்டை இருந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். திரும்பி வந்து, “அந்தோணி அங்கிள் காருக்கு முதுகைக் கொடுத்தாராப்பா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். சாவியை மேசைமேல் வைத்தேன்.

கவிதா ஆபீஸில் பேசி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். போன செவ்வாய்க்கிழமை அவள்தான் ஓட்டினாள். பூக்கடை முனையில் அவளே காரைக் கொஞ்சம் நிறுத்தினாள், யாரும் ஏறவில்லை, கிளம்பினோம். இப்போது இடது பக்க சீட்டில் நான். மேட்டில் கார்டு தட்டுகிற இடத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே சாய்ந்தாள். நான் நினைப்பதற்கு முன்னால் என் வாய் கேட்டுவிட்டது.

“கால் எங்கம்மா?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. “பிரேக்லதான் மாமா” என்றாள்.

அந்தோணி, நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தக் கேள்விதான். இதை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.